பிழைத்தவரைக் கக்கூஸ் வாசலில் நிறுத்தலாமா?

"கேன்சராம்! ஆபரேஷன் ஆச்சாம்! பிழைச்சிட்டாராம்!" தெருவில் இப்படிப் பேசிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பிழைத்தவர் மறுநாளிலிருந்து என்ன பாடு படுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. அதுவும் மலக்குடலில் புற்றுநோய் வந்தவர் என்றால் கேட்கவும் கூச்சம், சொல்லவும் கூச்சம்.

மலக்குடலை அடியோடு எடுத்துவிட்டால், வயிற்றில் துவாரம் போட்டுக் குடலை வெளியே கொண்டுவந்து தைக்கிறார்கள். லண்டன் டாக்டர் மைல்ஸ் 1908-ல் எழுதிவைத்த ஆபரேஷன் இது. மலம் அந்தத் துவாரத்தின் மேல் ஒட்டியிருக்கும் பையில் இறங்கும். அடக்கிவைக்க அங்கே தசை கிடையாது. வரும் நேரத்துக்கு வரும். பாதி நிரம்புவதற்குள் பையைக் காலி செய்தாக வேண்டும். விட்டால் கனம் தாங்காமல் ஒட்டு பிய்ந்துவிடும்.

பலருக்குக் குடலை மறுபடி இணைத்து, நிரந்தரப் பை இல்லாமல் செய்துவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் மலம் தேங்கும் இடமே போய்விட்டதே! நாளுக்குப் பல தடவை ஓட வேண்டும். வந்தால் தாங்காது. 'கரண்ட்' வைத்துக்கொண்டவர்களுக்கு இன்னும் சிரமம். தாம்பத்தியத்தில் வரும் சங்கடம் வேறு. அதை டாக்டரிடமே பலர் வாய் திறப்பதில்லை.

தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்கு வேலைக்கு வரும் குமாஸ்தா ஒருவருக்கு இந்த நிலை என்று வையுங்கள். எலெக்ட்ரிக் ரயிலில் கக்கூஸ் கிடையாது. டவுன் பஸ்ஸிலும் கிடையாது. மாம்பலத்தில் கூட்டம் ஏறி நெருக்கும்போது வயிற்றைக் கையால் மறைத்தபடி நிற்கிறார். பை அமுங்கினால் மானம் போச்சு! அதற்குப் பயந்தே காலையில் பட்டினி. புற்றுநோயிலிருந்து எழுந்த உடம்புக்குப் பட்டினி!

இறங்கி ஓடினால், கட்டணக் கழிப்பறை வாசலில் "ஒண்ணா, ரெண்டா?" என்று விசாரணை. வயிற்றைத் திறந்தா காட்டுவார்? உள்ளே குழாயில் தண்ணீர் இல்லாவிட்டால் தீர்ந்தது. மாட்டக் கொக்கி இல்லாமல், சட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு பையைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குள் வெளியிலிருந்து தட்டுகிறார்கள்: "யோவ், உள்ளேயே குடியிருக்கியா?"

ஆபீசில் மேனேஜர் முறைக்கிறார்: "அடிக்கடி எங்கேய்யா போறே?" மாற்றுத்திறனாளி சலுகை கேட்கலாம் என்றால், 2016-ம் ஆண்டுச் சட்டம் அடுக்கிய 21 வகைகளில் வயிற்றில் பை வைத்தவர் இல்லை!

மாநகராட்சி இவர்களுக்காக மாளிகை கட்ட வேண்டாம். இருக்கிற கழிப்பறைகளில் ஓடும் குழாய், கதவில் ஒரு கொக்கி, சாமான் வைக்க ஒரு பலகை, மூடிபோட்ட ஒரு குப்பைத்தொட்டி போதும். ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரை கழிப்பறை திறந்திருக்க வேண்டும். கடைக்கார அய்யாமார்களும், வேர்க்க விறுவிறுக்க ஒருவர் வந்து "கொஞ்சம் பாத்ரூம்..." என்று இழுத்தால், காரணம் கேட்காமல் சாவியை எடுத்துக் கொடுங்கள்.