ஒரு சொட்டு ரத்தத்தில் கண்கட்டு வித்தை

"இலவசப் பரிசோதனை! கொழுப்பு அளவு இரண்டே நிமிஷத்தில்!" ஆலை வாசலிலும் சந்தைத் திடலிலும் இப்படித் தட்டி கட்டுகிறார்கள். விரல் நுனியில் குத்தி, பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, கையடக்கக் கருவியில் செருகுகிறார்கள். 212 என்று எண் தெரிகிறது. "கொழுப்பு ஏறிவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லி மருந்துச் சீட்டை நீட்டிவிடுகிறார்கள்.

நாம் யந்திரத்துக்கு விரோதிகளல்ல. ஆனால் கணக்கைப் பாருங்கள், தோழர்களே! அமெரிக்க நிபுணர்கள் வகுத்த அளவுகோலே, மொத்தக் கொலஸ்ட்ராலில் 8.9 சதவிகிதம் வரை பிழையை அனுமதிக்கிறது. உண்மையில் 200 உள்ள ரத்தத்தை நல்ல கருவியே 182 என்றும் காட்டலாம், 218 என்றும் காட்டலாம். அந்த 200தான் எல்லைக்கோடு! காலையில் சுகவாசி, மாலையில் நோயாளி.

அதுவும் பட்டை கெடாமலிருந்தால்தான். வெப்பமும் ஈரக்காற்றும் அதற்கு ஆகா. 40 டிகிரியைத் தாண்டும் மதுரை வெயிலில், பந்தலுக்கடியில் அட்டைப்பெட்டியில் கிடந்த பட்டை என்ன கதியாகும்? விரலைப் பிழிந்தால் சதைநீர் கலந்து கணக்குக் கெடும். களை பறித்துக் காய்த்துப்போன விரலைப் பிழியாமல் ரத்தம் வருமா? ரத்தசோகையும் அளவைப் பிசகச் செய்யும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 சர்க்கார் சர்வேயே ஒப்புக்கொள்கிறது.

விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு தமிழ்நாட்டிலும் நடந்தது. சர்க்கரைக்கு விரல் நுனி ரத்தம் போதுமென்றவர்கள், கொழுப்புக்கு மட்டும் ஐந்தில் ஒருவரிடம் நரம்பில் ரத்தம் எடுத்து லேபரட்டரியில் சோதித்தார்கள். 2014ல் வெளியான முடிவின்படி, 79 சதவிகிதம் பேருக்கு ஏதாவதொரு கொழுப்பு அளவு சரியில்லை. ஆகவே இது பணக்கார வியாதி என்று நாம் சும்மா இருக்க முடியாது. ஆராய்ச்சிக்கு நரம்பு ரத்தம், பாட்டாளிக்குப் பட்டையா?

அமெரிக்காவில் தெரனாஸ் கம்பெனி, சில சொட்டு ரத்தத்தில் எல்லாம் பார்ப்பதாக ஜம்பமடித்து 900 கோடி டாலர் மதிப்புக்கு ஏறியது. (அது பட்டைக் கருவியல்ல, ஆனால் ஆசை காட்டிய விதம் ஒன்றுதான்.) அதன் தலைவி எலிசபெத் ஹோம்ஸை 2022 ஜனவரியில் ஜூரிகள் குற்றவாளி என்றனர். எதற்கு? பணம் போட்டவர்களை ஏமாற்றியதற்கு! நோயாளிகளை ஏமாற்றியதாகச் சாட்டிய குற்றங்களிலிருந்து விடுதலை! முதலாளித்துவ நீதியின் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது, பார்த்தீர்களா?

கருவி சல்லடையாக இருக்கட்டும், நீதிபதியாக வேண்டாம். எல்லைக்கோட்டுக்கு மேலே வருபவருக்கு மட்டுமல்ல, சற்றுக் கீழே வருபவருக்கும் நரம்பு ரத்தச் சோதனை இலவசமாக நடக்க வேண்டும். பட்டையின் காலாவதித் தேதியைக் கேட்டவுடன் காட்ட வேண்டும். ஆலைத் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவிகிதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்களே, அந்த ஆஸ்பத்திரியிலேயே இதைச் செய்யட்டும். விவசாயத் தொழிலாளிக்கு அந்தப் பிடிமானமும் இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்ப ஒரு நாள் கூலி போகிறது. 2021 முதல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் சர்க்கார், இந்த ரத்தத்தையும் ஊரிலேயே எடுத்து லேபரட்டரிக்கு அனுப்பட்டும்.