பயிர் மருந்தும் நுரையீரற் பூசணமும்

மார்க்கையன்கோட்டையிலும் கம்பம் பள்ளத்தாக்கின் ஏனைய பல ஊர்களிலும் பெரியாற்றுத் தண்ணீரைக் கொண்டு இருபோக நெல் விளைகிறது. நெருங்கிய நடவும் தழைச்சத்து மிகுதியும் ஈரக்காற்றும் சேர்ந்தவிடத்து இலையுறைக் கருகலும் நெற்பழ நோயும் தோன்றுவது குடியானவர் அறிந்ததே. இவற்றிற்குப் புரோபிகோனசோல், ஹெக்சாகோனசோல் முதலிய மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. இம்மருந்துகளுக்கும் மனிதரின் நுரையீரலுக்கும் உள்ள சம்பந்தம் பலராலும் கவனிக்கப்படுவதில்லை.

மக்கும் வைக்கோல், எரு, குப்பை ஆகியவற்றில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்னும் பூசணம் வளர்கிறது. அதன் நுண்ணிய வித்துகள் மூச்சுடன் உட்செல்லும். தேகபலமுள்ளோர்க்கு அவை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. க்ஷயரோகம் குணமாகியும் நுரையீரலில் குழி நின்றுவிட்டவர்க்கோ, அக்குழியில் பூசணம் தங்கி வளரக்கூடும். நெடுநாள் இருமல், கோழையில் இரத்தம், உடல் மெலிவு ஆகியவை கண்டு, க்ஷயமே திரும்பியதென்று தவறாக எண்ணுவதும் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ஆம் ஆண்டில் இப்பூசணத்தை மிக அபாயகரமானவற்றின் வரிசையிற் சேர்த்தது.

இந்நோய்க்கு வைத்தியர் கொடுக்கும் இட்ராகோனசோலும் வோரிகோனசோலும் மேற்சொன்ன பயிர் மருந்துகளின் இனமேயாம். ஆகவே வயலில் மருந்துக்குப் பழகிய பூசணம் நோயாளியின் மருந்துக்கும் அடங்காமற் போகலாம். இது வெறும் ஊகமன்று. இந்தியாவில் நடந்து 2012-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், இவ்வாறு அடங்காத பூசணம் நெல்வயல் மண்ணில் நூற்றுக்குச் சுமார் 12 விகிதமும், தேயிலைத் தோட்ட மண்ணில் 33 விகிதமும் காணப்பட்டது.

இதனால் மருந்தே கூடாதென்பது நியாயமன்று. நோய் கண்ட பயிரைக் கைவிடும்படி எவரும் சொல்லார். அண்டை வயலில் தெளித்தார்களென்றும், கடைக்காரர் சொன்னாரென்றும் நோயில்லாத பயிருக்குத் தெளிப்பதே தவறு. அது பணத்திற்கும் நஷ்டம். பிறர் உயிருக்கும் ஆபத்து. தழைச்சத்தைப் பிரித்திடுதலும், நடவில் இடைவெளி விடுதலும், வரப்புக் களைகளை நீக்குதலும் முதற்காவல். அதன்பின்னும் நோய் கண்டால், வேளாண்மை அலுவலரைக் கேட்டு, சொன்ன அளவில் மட்டும் தெளிக்கலாம். ஓரின மருந்தையே திரும்பத் திரும்ப உபயோகித்தலாகாது.

வைக்கோலை நன்றாய் உலர்த்திப் போரிட வேண்டும். பூத்த வைக்கோலைப் பிரிக்கும் வேலையில், முன்பு க்ஷயங்கண்டவர்களை நிறுத்தலாகாது. அன்னோர்க்கு இருமல் நீடித்தால், கோழைப் பரிசோதனையில் க்ஷயமில்லையென்று வந்தபோதிலும் அசட்டை செய்யாது வைத்தியரிடம் மறுபடி அனுப்புதல் அவசியம். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைக் கிராம சபையில் எடுத்துரைப்பின், நெல்லைக் காக்கும் முயற்சி அதை விளைவிப்போரின் மூச்சுக்குக் கேடாகாமற் காக்கலாம்.