நூறு ஆக்டேன் போட்டால் வேகம் வருமா?



கோ-கார்ட் போட்டிக்குப் பெயர் கொடுத்ததும் நம்ம ஒர்க்‌ஷாப்பில் முதலில் கிளம்பும் பேச்சு என்ன? பிரேக்கா? ஸ்டியரிங்கா? இரண்டும் இல்லை. "டேய், இந்த வருஷம் 100 ஆக்டேன் ஊத்துறோம்டா, வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்!" என்பதுதான்.

போன வருஷம் அப்படிக் கத்தியவர்களில் நானும் ஒருவன். சாதா பெட்ரோலைப் போல ஒன்றரை மடங்கு விலை. ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டோம். என் பங்கு, அப்பாவின் ஒரு நாள் கூலி. பணத்தைக் கொடுத்த பிறகுதான் தெர்மல் பாடத்தைப் புரட்டினேன். வெட்கமாகப் போய்விட்டது.

ஆக்டேன் எண் பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று சொல்வதில்லை. பிளக் பற்ற வைத்த தீ பரவி வருவதற்குள், மீதிக் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். அப்படி வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவே ஆக்டேன். ஐசோ-ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து ஒப்பிடுகிறார்கள். நாக்கிங்கே இல்லாத எஞ்சினில் 100 ஊற்றினால் என்ன கிடைக்கும்? பர்ஸ் இளைக்கும், அவ்வளவுதான்!

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கம்ப்ரஷன் ரேஷியோ. வாடகைக் கார்ட்டுகளில் ஓடும் ஹோண்டா ஜி.எக்ஸ். 200 எஞ்சினுக்கு அது 8.5:1. கம்பெனி கேட்பது 91 ஆக்டேன். பி.எஸ்.6 விதி வந்தபோது நம்ம ஊர் சாதா பெட்ரோலுக்கே வைத்த குறைந்தபட்சம் 91. ஆனால் ரோட்டாக்ஸ் மேக்ஸ் போன்ற 125 சி.சி. டூ-ஸ்ட்ரோக் ரேஸ் எஞ்சினுக்குக் குறைந்தது 95 வேண்டும், 50க்கு 1 ஆயிலும் வேண்டும். அங்கே சிக்கனம் பார்த்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். ஆளுக்கேற்ற செருப்பு, எஞ்சினுக்கேற்ற பெட்ரோல்!

பழைய பைக் எஞ்சினை வாங்கி, ஹெட்டைத் தேய்த்து மாட்டுகிறோமே, அதன் ரேஷியோ யாருக்குத் தெரியும்? கண்டுபிடிக்கக் கெமிஸ்ட்ரி லேபில் இருக்கும் பியூரெட் போதும். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக மெல்லிய ஆயிலை விட்டு, எத்தனை சி.சி. கொள்கிறது என்று பாருங்கள். ஸ்ட்ரோக் அளவு 124 சி.சி., ஆயில் 15.5 சி.சி. என்றால், இரண்டையும் கூட்டி 15.5ஆல் வகுங்கள். விடை 9. பரீட்சைக்குப் போடும் அதே கணக்குதான்!

இன்னொரு விஷயம். 2025இல் நாடு 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டது. எத்தனாலுக்கு ஆக்டேன் 100க்கும் மேல். எனவே நாக்கிங் பயம் குறைவு. ஆனால் அதன் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கம்மி. இன்ஜெக்‌ஷன் வண்டி தானாகச் சரி செய்துகொள்ளும். நம்ம கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. கலவை லீன் ஆகும், எஞ்சின் சூடேறும். ஜெட்டை மாற்றிப் பார்த்து, பிளக்கின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். போட்டி முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யாமல் லீவுக்குப் போனால், வந்து பார்க்கும்போது அழுவீர்கள்.

சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் நடந்த ரேஸ்கள், 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தன. பொத்தேரியிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. ஆனால் அங்கே வண்டியை இறக்குவதற்கு முன், அளந்து பார்த்த கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

இந்த வருஷம் ஆக்டேனுக்கு வசூல் வேண்டாம் நண்பர்களே. அந்தக் காசில் ஓட்டுபவனுக்கு நல்ல ஹெல்மெட்டும் கழுத்துப் பட்டையும் வாங்குவோம். வீட்டில் வியர்வை சிந்திக் கொடுத்த பணம், புகையாகப் போக வேண்டாம்!