அம்மி புராணம் பாடுறவங்களுக்கு ஒரு கிண்ணம் குவாக்கமோலே

போன ஆவணி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா அரும்பாவூர். பச்சைமலை அடிவாரம், பெரம்பலூர் மாவட்டம். பெங்களூர்ல பொட்டி தட்டுற எங்க பெரியப்பா பையன், குடும்பத்தோட ஏற்காடு சுத்திட்டு, ஆத்தூர் வழியா எங்க வீட்டுல வந்து இறங்கினார். கையில ஒரு பை நிறைய பட்டர் புரூட்.

"சித்தி, இன்னைக்கு உங்களுக்கு நான் குவாக்கமோலே செஞ்சு தரப் போறேன்!"

"அது என்ன தம்பி, வாத்து கத்துற மாதிரி இருக்கு?" இது அம்மா :-)

பெருசா ஒண்ணும் இல்லை மக்களே. மெக்சிகோக்காரன் சட்னி. அந்த ஊர்ப் பழங்குடிகளோட நாவாட்டில் மொழியில 'ஆவாகாட்டில்'னா பட்டர் புரூட், 'மோல்லி'ன்னா சட்னி, குழம்பு மாதிரி. ரெண்டும் சேர்ந்து ஸ்பானிஷ்காரன் வாயில பூந்து குவாக்கமோலே ஆயிடுச்சு. பழம், வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை, உப்பு. அவ்ளோதான் மேட்டர்.

நான் நல்ல பிள்ளையா மிக்ஸியை எடுத்து வச்சேன். அண்ணன் மூஞ்சி மாறிப் போச்சு.

"டேய், மிக்ஸியிலயா? இதெல்லாம் கல்லுல மசிக்கணும்டா. மெக்சிகோவுல மொல்காஹேத்தேன்னு மூணு கால் வச்ச எரிமலைக்கல் உரல் இருக்கு. அதுல செஞ்சாத்தான் ஒரிஜினல். நமக்குத்தான் அம்மி இருக்கே! சித்தி, அம்மியில ஒரு இழுப்பு இழுத்துடுங்களேன்..."

இங்கதான் கவனிக்கணும். "நான் செஞ்சு தரப் போறேன்"னு ஆரம்பிச்ச பேச்சு, மூணே நிமிஷத்துல "சித்தி, இழுத்துடுங்களேன்"ல வந்து நிக்குது. எங்கம்மாவுக்கு 67 வயசு. வலது தோள்பட்டையைத் தூக்கி ஜாக்கெட் போடவே சிரமப்படுறவங்க.

அண்ணனைத் திட்டுறதுக்காக இதை எழுதலை. தங்கமான மனுஷன். ஆனா அவர் பேசின பேச்சு நாடு முழுக்க ஓடிக்கிட்டு இருக்கு. "அம்மியில அரைச்ச சட்னி மாதிரி வருமா?", "கல்லுல அரைச்ச வரைக்கும் பொம்பளைங்க ஆஸ்பத்திரி பக்கமே போகலை", "மிக்ஸி வந்துதான் எல்லாரும் சோம்பேறி ஆயிட்டாங்க". டீக்கடையில, கல்யாணப் பந்தியில, வாட்ஸப்புல, எல்லா இடத்துலயும் இதே பாட்டு. பாடுறதுல முக்காவாசி ஆம்பளைங்க. அதுல முக்காவாசி பேர் குழவியைத் தொட்டதே கிடையாது. (நானும் அந்த லிஸ்ட்ல இருந்தவன்தான். மறைக்க ஒண்ணும் இல்லை.)

முதல்ல ஒண்ணை ஒத்துக்கறேன். ருசியில வித்தியாசம் இருக்கு. கல்லு நசுக்கும், பிளேடு வெட்டும். வெங்காயமும் மிளகாயும் மல்லியும் உப்போட சேர்ந்து நசுங்கும்போது சாறும் எண்ணெயும் வெளிய வந்து ஒண்ணோட ஒண்ணு கலக்குது. நம்ம மிக்ஸியோ நிமிஷத்துக்கு 18,000 சுத்து வரைக்கும் சுத்துற ராட்சசன். அதுல பட்டர் புரூட்டைப் போட்டு ஒரு நிமிஷம் விட்டா காத்தையும் சேர்த்து அடிச்சு, சட்னியா வர வேண்டியது ஷாம்பு மாதிரி வரும். காத்துல இருக்கிற ஆக்சிஜன் பட்டவுடனே பழத்துல இருக்கிற ஒரு நொதி வேலையைக் காட்டும். பச்சைக் கலர் பழுப்பாகும். இதெல்லாம் உண்மை. கல்லுக்கட்சிக்கு ஒரு மார்க் போட்டாச்சு.

இப்ப என் கேள்வி. அந்த ஒரு மார்க் ருசிக்கு யாரோட தோள்பட்டையை விலை பேசுறீங்க?

இங்க கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். எண்பதுகள்ல எங்க வீட்டுல பதினோரு பேர். காலையில சட்னி, மதியம் குழம்புக்கு மசாலா, ராத்திரிக்குத் துவையல். மூணு வேளையும் அம்மி. பண்டிகை வந்தா ஆட்டுக்கல்லு வேற. அம்மி வழவழன்னு தேஞ்சு போச்சுன்னா தெருவுல கூவிக்கிட்டு வர்றவரைக் கூப்பிட்டுக் கொத்தணும். கொத்தின அன்னைக்குச் சட்னியில கல்லு கடிபடும். அதுக்குத் தாத்தாகிட்ட திட்டு வாங்குறதும் அம்மாதான்.

கல்யாணத்துல அம்மி மிதிக்கிறதுன்னு ஒரு சடங்கு இருக்கே. மாப்பிள்ளை பொண்ணோட காலைப் பிடிச்சு அம்மி மேல வைப்பார். அவருக்கும் அம்மிக்கும் உள்ள உறவு அந்த ஒரு நிமிஷத்தோட முடிஞ்சுது. கால் வச்ச பொண்ணு அடுத்த நாப்பது வருஷம் அதுல கை வைக்கணும்.

எங்க வீட்டுக்கு மிக்ஸி வந்தது 1998ல. வெங்காய விலை டில்லியில ஆட்சியையே கவுத்துச்சே, அதே வருஷம். எங்க காட்டுல சின்ன வெங்காயம் போட்டிருந்தோம். நல்ல விலை கிடைச்சுது. அப்பா பெரம்பலூர் போய் ஒரு மிக்ஸி வாங்கிட்டு வந்தார். வீடே கூடி நின்னு வேடிக்கை பார்த்துச்சு. ஆனா தாத்தா ஒரு வாய் வச்சுட்டுத் தட்டைத் தள்ளிட்டார். "மிசினு சட்னி தொண்டையில எறங்கலை." அவ்ளோதான். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் மிக்ஸி துண்டு போத்திக்கிட்டு அலமாரியில உக்காந்திருந்துச்சு. அம்மா பழையபடி அம்மியில. தாத்தா ஒருத்தர் தொண்டைக்காக.

அப்பாயி மட்டும் யாருக்கும் தெரியாம அம்மாகிட்ட சொல்லுவாங்களாம், "மிசின்ல அரைச்சுட்டு, அம்மியைச் சும்மா கழுவி ஊத்தி வை. அவருக்குத் தெரியவா போவுது?" தெரியலை! பல நாள் தாத்தா மிக்ஸி சட்னியை "இதுல்ல சட்னி"ன்னு சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கார். இதை அம்மா என்கிட்ட சொன்னதே தாத்தா போனதுக்கு அப்புறம்தான்.

இது ஏதோ எங்க வீட்டுக் கதைன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா, குவாக்கமோலே பிறந்த மெக்சிகோவுலயே இதே கதை. அங்கயும் நம்ம அம்மி மாதிரி மெத்தாத்தேன்னு ஒரு கல்லு. முட்டி போட்டுக்கிட்டு அதுல மக்காச்சோளத்தை அரைச்சு, தினமும் தோர்த்தியா ரொட்டி சுடணும். ஒரு நாளைக்கு நாலஞ்சு மணி நேரம் அதுலயே போயிடும். 1920கள்ல டெபோஸ்ட்லான்ங்கிற ஊருக்கு மாவு மில் வந்தப்ப, ஆம்பளைங்க எதிர்ப்புல முதல் மில் நிலைக்காமப் போச்சு. மில்லு மாவுல ருசி இல்லையாம். பொம்பளைங்க மில்லுல கூடி நின்னு வம்பளந்து கெட்டுப் போவாங்களாம். கொஞ்ச காலத்துல அடுத்த மில் வந்துச்சு. இந்தத் தடவை பொம்பளைங்க விடலை. புருஷன் சம்மதம் இருந்தாலும் இல்லாட்டியும் போய் அரைச்சுட்டு வந்தாங்க. ஆஸ்கர் லூயிஸ்னு ஒரு மானுடவியல் ஆய்வாளர் அந்த ஊர்ல தங்கி ஆராய்ச்சி பண்ணி 1951ல போட்ட புத்தகத்துல இதெல்லாம் இருக்கு.

ஆக, "ஒரிஜினல் மெக்சிகோ மாதிரி கல்லுலதான்"னு சொல்றவங்க கவனத்துக்கு: ஒரிஜினல் மெக்சிகோப் பொம்பளைங்க கல்லை விட்டு எந்திரிக்கச் சண்டையே போட்டிருக்காங்க.

நம்ம ஊருக்குத் திரும்புவோம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள் அன்னைக்கு ஜெயலலிதா அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை ஆரம்பிச்சுது. அப்ப கரண்டு இருக்காது. "மிக்ஸி குடுத்தீங்க, கரண்டு எங்க?"ன்னு கேட்டது நியாயமான கேள்வி. அரசாங்கம் இலவசம் கொடுக்கலாமா கூடாதாங்கிறதும் நியாயமான விவாதம்தான். ஆனா டீக்கடையில கேட்டது வேற. "ஓசி மிக்ஸி குடுத்துப் பொம்பளைங்களைச் சோம்பேறி ஆக்கிட்டானுங்க."

எங்க பக்கத்து வீட்டு அக்கா வெங்காயக் காட்டுக்குக் களையெடுக்கப் போறவங்க. காலையில ஏழு மணிக்குக் காட்டுல நிக்கணும். அதுக்குள்ள சமைச்சு, புள்ளைங்களைக் கிளப்பி, தூக்குவாளியில சோறு கட்டணும். அவங்க வாழ்க்கையில முதல் மிக்ஸி அந்த ஓசி மிக்ஸிதான். அதால காலையில அரை மணி நேரம் லேட்டா எந்திரிக்க முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. அந்த அரை மணி நேரத் தூக்கத்தைத்தான் சோம்பேறித்தனம்னு சொல்றாங்க, கால் மேல கால் போட்டு ரெண்டாவது டீ குடிக்கிறவங்க.

"அம்மி அரைச்சா சுகப்பிரசவம் ஆகும்"ங்கிறது இன்னொரு கதை. அம்மி மட்டுமே இருந்த காலத்துல பிரசவத்துல செத்த பொம்பளைங்க இன்னைக்கு விடப் பல மடங்கு. அம்மாவோட சொந்தச் சித்தியே அப்படிப் போனவங்கதான். அவங்களும் தினம் அம்மி அரைச்சாங்க.

எங்க ஊர் மரச்சிற்பங்களுக்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சுது. சாமி சிலை, வாகனம், தேர்ச் சிற்பம்னு எங்கெங்கயோ போகுது. மரத்தை மில்லுல மிஷின் ரம்பம் வச்சு அறுத்துட்டு, கண்ணு மூக்கை உளியால செதுக்கினா, "கையால அறுக்கலையே, சாமிக்குச் சக்தி குறைஞ்சுடும்"னு யாராவது சொல்றாங்களா? மாட்டாங்க. மாட்டை விட்டு டிராக்டருக்கு மாறினதை, ஏத்தத்தை விட்டு மோட்டாருக்கு மாறினதை யாரும் சோம்பேறித்தனம்னு சொல்லலை. அதுக்குப் பேர் முன்னேற்றம். அடுப்படிக்குள்ள மிஷின் வந்தா மட்டும் பாரம்பரியம் அழிஞ்சு போச்சு!

சரி, அன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? அம்மா கோவப்படலை. "அம்மி கொல்லையில கிணத்தடியில கிடக்கு தம்பி. கழுவி எடுத்துட்டு வந்து நீயே அரை. நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றேன்"னாங்க. அண்ணனும் வீம்புக்குப் போனார். குழவியை வச்சுப் பதினஞ்சு நிமிஷம். சட்டை நனைஞ்சு, முதுகைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சார். அதே நேரத்துல நான் மிக்ஸியில செஞ்சது இப்படி:

சின்ன ஜார். ஈரம் இருக்கக் கூடாது, தண்ணி ஒரு சொட்டு விடக் கூடாது. உரிச்ச சின்ன வெங்காயம் எட்டு, பச்சை மிளகாய் ரெண்டு, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, கல்லுப்பு. இதை மட்டும் முதல்ல போட்டு, குமிழை விட்டு விட்டுத் திருப்பி, நாலஞ்சு தடவை. கொரகொரன்னு வரணும். அதுக்கப்புறம்தான் நல்லாப் பழுத்த ரெண்டு பழத்தோட சதை, அரை மூடி எலுமிச்சைச் சாறு. இப்ப ரெண்டே ரெண்டு திருப்பு, ஒவ்வொண்ணும் ஒரு நொடி. நடுவுல கரண்டியால வழிச்சு விடணும். அங்கங்க கட்டி இருக்கும்போதே நிறுத்திடணும். விதை எடுத்த தக்காளியைப் பொடியா நறுக்கிக் கையால கலக்கலாம். எலுமிச்சைப் புளிப்பு, கலர் மாறுறதை மெதுவாக்கும். மிச்சம் இருந்தா மேல காத்துப் படாம பாலித்தீன் தாளை ஒட்டி மூடி வைங்க. கொட்டையை நடுவுல வச்சா கறுக்காதுங்கிறது சும்மா. கொட்டைக்கு அடியில இருக்கிறது மட்டும்தான் கறுக்காது.

ரெண்டையும் அம்மா தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டாங்க. "கல்லுல அரைச்சது ஒரு பிடி தூக்கலாத்தான் இருக்கு தம்பி"ன்னாங்க. அண்ணன் மூஞ்சியில ஆயிரம் வாட்ஸ் பல்பு. அம்மா மிக்ஸி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வச்சுக்கிட்டு, "நாளைக்கும் வேணும்னா நீயே அரைச்சுக்க"ன்னாங்க.

மறுநாள் அண்ணன் கேட்கலை :-)

அம்மி புடிக்கும்னா அரைங்க. தாராளமா. நானும் ஞாயித்துக்கிழமை அரைக்கப் பழகிக்கிட்டு இருக்கேன். ஆனா உங்க கையால அரைங்க, அதுக்கப்புறம் அதோட பெருமையைப் பேசுங்க. அடுத்தவங்க தோள்பட்டையில ஏறி உக்காந்துக்கிட்டுப் பாரம்பரியம் பேசாதீங்க.

டிஸ்கி: அம்மா தோள்பட்டை வலிக்கு அம்மிதான் காரணம்னு எந்த டாக்டரும் எழுதித் தரலை. அம்மி காரணம் இல்லைன்னும் எழுதித் தரலை.