சிஸ்டம் டௌனும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பும்

“சிஸ்டம் டௌன் சார், கொஞ்சம் உட்காருங்க.”

ஓய்வூதியம் வாங்கும் நம்மில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க மாட்டார். வங்கியில் கேட்டிருக்கிறோம், தபால் நிலையத்தில் கேட்டிருக்கிறோம், நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கப் போன இடத்திலும் கேட்டிருக்கிறோம். மழை வந்தால் தாழ்வாரத்தில் ஒதுங்குவது போல, கேட்டதும் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிடுகிறோம். போன மாதம் வரை நானும் அப்படித்தான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் மனைவியை வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. அவளுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறவள். முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான். காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் முதலில் நின்றோம். ரசீதும், ரத்தக் குப்பியில் ஒட்டும் சீட்டும் கணினியிலிருந்துதான் வர வேண்டும். கணினி ஓடவில்லை. “இப்ப வந்துடும்” என்றார்கள். எட்டரை மணிக்கு, “கையால எழுதி ஒட்டி எடுக்கக் கூடாதாம்மா?” என்று கேட்டேன். “அப்படிச் செய்யச் சொல்லி எங்களுக்கு உத்தரவு இல்லை சார்” என்றது அந்தப் பெண். அதன் மேல் தப்பில்லை. ஒன்பதரைக்கு என் மனைவிக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது. எதிர்க்கடையில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ வாங்கிக் கொடுத்தேன். பரிசோதனை அன்றைக்குப் போயிற்று. நாங்கள் ஆட்டோவில் ஏறும்போது மணி பத்தேகால். சிஸ்டம் வந்துவிட்டது என்று உள்ளே குரல் கேட்டது.

அன்று மாலை என் தங்கை மகன் வந்திருந்தான். கணினி சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். அவனிடம் பொரிந்து தள்ளினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், “மாமா, அந்த இடத்து சர்வரைப் பாத்துக்கறது நான்தான்” என்றான்.

கோபத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. என் மனைவி எப்போதும் போல அவனுக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அதைப் பார்த்து அவன் தலை இன்னும் குனிந்தது. “சரி, நடந்ததைச் சொல்லு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு” என்று பழைய டைரி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தாறு வருடம் எழுத்தராக இருந்தவன், குறிப்பு எடுக்காமல் எதுவும் எனக்கு ஏறாது.

அங்கே மூன்று சர்வர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பெரிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பல குடித்தனங்கள். ரசீது போடுவது ஒரு குடித்தனம், பரிசோதனை முடிவுகள் இன்னொன்று, சம்பளக் கணக்கு மற்றொன்று. இந்தக் குடித்தனங்களுக்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். சாமான்களெல்லாம் மூன்று வீட்டுக்கும் பொதுவான ஒரு கிடங்கில் இருப்பதால், ஒரு வீடு இடிந்தாலும் அங்கிருந்த குடித்தனத்தை அடுத்த வீட்டில் ஏற்றிவிடலாம். இதைத் தானாகவே செய்யும் ஏற்பாட்டை ‘ஹை அவெய்லபிலிட்டி’ என்கிறார்கள். எப்போதும் கைக்குக் கிடைக்கும் நிலை என்று சொல்லலாம். அவர்கள் போட்டிருப்பது ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள், ஆஸ்திரியாவில் வியன்னாவில் உருவாகிறது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் சிறிய நிறுவனங்களும் போட்டுக்கொள்ள முடிகிறது.

“இவ்வளவு ஏற்பாடு இருந்தும் ஏன்டா நின்னுது?” என்றேன்.

அன்று விடியற்காலை அவன் வீட்டிலிருந்தபடியே ஒரு சர்வருக்குப் புதுப்பிப்பு போட்டுவிட்டு அதை ரீபூட் செய்திருக்கிறான். ஐந்து நிமிடத்தில் எழுந்துவர வேண்டியது, மெமரி ஒன்று பழுதாகி எழவேயில்லை. ரசீதுக் குடித்தனம் அதில்தான் இருந்தது. மற்ற இரண்டு சர்வர்களும் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தும் அதைத் தூக்கிக்கொள்ளவில்லை. ஏன்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த மென்பொருளில் முழு அமைப்புக்கும் பொதுவான அமைப்புகள் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் ஒரு வரி: ஒரு சர்வரை வேண்டுமென்றே நிறுத்தும்போது அதிலுள்ள குடித்தனங்களை என்ன செய்வது? நான்கு பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ‘ஃப்ரீஸ்’ என்றால் அந்த சர்வர் திரும்பி வரும்வரை அவை அப்படியே காத்திருக்கும், யாரும் தொட மாட்டார்கள். ‘ஃபெயிலோவர்’ என்றால் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், வராவிட்டால் அடுத்த வீட்டில் ஏற்றுவார்கள். ‘மைக்ரேட்’ என்றால் சர்வர் நிற்பதற்கு முன்பே குடித்தனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு வீட்டுக்கு மாற்றப்படும். நான்காவது ‘கண்டிஷனல்’. முழுவதும் அணைத்தால் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம், ரீபூட் என்றால் உடனே வந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இந்த நான்காவதுதான் அமலில் இருக்கும்.

மென்பொருளின் மேல் குற்றமில்லை. இதெல்லாம் அதன் கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறதாம். ஐந்து நிமிட ரீபூட்டுக்காக எல்லாவற்றையும் மூட்டை கட்டி இறக்கி ஏற்றுவது வீண்வேலை என்று நினைத்து அப்படி வைத்திருக்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு.

எனக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், சம்பளப் பட்டியலில் கையெழுத்திட வேண்டிய அதிகாரி “பத்து நிமிஷத்துல வரேன்” என்று வெளியே போனார். சைக்கிளில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தால் அன்றே இன்னொருவருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்திருப்பார்கள். அவர் விடுப்பில் இல்லை, பத்து நிமிடத்தில் வருகிறவர். ஆகவே யாரும் அந்தப் பேனாவைத் தொடவில்லை. எங்கள் சம்பளம் நான்கு நாள் தாமதம். ‘ஃப்ரீஸ்’ என்று என் மருமகன் சொன்னது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

“சரி, நீயே கையால அடுத்த சர்வர்ல ஏத்தியிருக்கலாமே?” என்றேன்.

“பயம் மாமா. செத்துப்போச்சுன்னு நினைச்ச சர்வர் திடீர்னு எழுந்து வந்தா, ஒரே மெஷின் ரெண்டு இடத்துல ஓடும். ரெண்டும் ஒரே கணக்குல எழுதும். எல்லாம் கெட்டுடும்.”

அதுவும் நியாயமே. ஒரே பதிவேட்டில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அறியாமல் எழுதினால் என்ன ஆகும் என்று எழுத்தருக்குத் தெரியாதா? நம் புதுச்சேரியையே பாருங்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் நடந்தது. எட்டு வருடம் காகிதத்தில் ஒரு நாடு, நடைமுறையில் ஒரு நாடு. ஆனாலும் குழப்பமில்லாமல் ஓடியதற்குக் காரணம், கோப்பில் கையெழுத்திடும் கை ஒன்றாகவே இருந்தது.

சர்வர்களும் இதை அறிந்தே ஓட்டுப் போடுகின்றன. மூன்றில் இரண்டு சேர்ந்தால் கோரம். தொடர்பு அறுந்து தனித்துப்போன சர்வர், தன்னிடம் பெரும்பான்மை இல்லை என்று கண்டால், 60 விநாடியில் தன்னைத் தானே நிறுத்தித் திரும்பத் தொடங்கிக்கொள்ளும். மற்றவை அதற்கு நேரம் கொடுத்துக் காத்திருந்து, பிறகுதான் அதன் குடித்தனங்களை ஏற்றும். இரண்டே சர்வர் இருந்தால் கணவன் மனைவி சண்டை மாதிரி, யார் சொல்வது சரி என்று சொல்ல ஆளில்லை. அதனால் குறைந்தது மூன்று ஓட்டு வேண்டும். கோரம் இல்லாவிட்டால் நிலைமை கோரம்தான்.

இவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாட்டை ஒரு வரி நிறுத்தி வைத்தது. அந்த வரியை யார் எழுதினார்கள் என்று கேட்டேன். “யாரும் எழுதலை மாமா, அது டீஃபால்ட்” என்றான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கணினியில் டீஃபால்ட் என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘பார் தெஃபோ’ என்கிறார்கள். தெஃபோ என்றால் குறை, இல்லாமை. இதே சொல் நீதிமன்றத்திலும் உண்டு. வழக்கில் ஒரு கட்சிக்காரர் வராவிட்டால் அவர் இல்லாமலே சொல்லும் தீர்ப்புக்கும் ‘பார் தெஃபோ’ தீர்ப்பு என்றே பெயர். நம் ஊரில் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது என்பார்களே, அதுதான். டீஃபால்ட் என்பதும் ஒரு தீர்ப்புதான். நாம் போய் வாய் திறக்காததால், நம்மைப் பார்த்தே இராத ஒருவர் பொதுவாக எழுதி வைத்த தீர்ப்பு. என் மனைவி வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் கருத்து இதுதான். ஓர் அமைப்பு முழுவதற்கும் பொருந்தும் அமைப்புகள் தொழில்நுட்ப விஷயம் மட்டுமல்ல, அவை அலுவலக நிலையாணை போன்றவை. நின்றால் யார் காத்திருப்பது, எவ்வளவு நேரம், எது முதலில் எழ வேண்டும் என்பதை, அந்த வேலை நின்றால் பதில் சொல்ல வேண்டியவர்கள் முடிவு செய்ய வேண்டும். கணினிப் பையன் அதை நிறைவேற்றுபவன். அவனிடமே முடிவையும் விட்டுவிட்டு, நின்றதும் அவனைத் திட்டுவது முறையல்ல. அவனும் கேட்காமல் விட்டது முறையல்ல.

“இதெல்லாம் நிர்வாகத்துக்குப் புரியாது மாமா” என்றான். புரியும்படி எழுது என்றேன். இரண்டு பேருமாக ஒரு பக்கக் குறிப்பு தயாரித்தோம். எழுத உட்கார்ந்தபோதுதான் பல விஷயம் வெளியே வந்தது.

எல்லாவற்றையும் ‘மைக்ரேட்’ என்று மாற்றிவிட்டால் போதும் என்று முதலில் நினைத்தோம். போதாது. மூன்று சர்வருக்கும் தலைக்கு 64 ஜிபி மெமரி. ஒன்று போனால் மீதி இரண்டில் 128. மொத்த உபயோகம் அதற்குள் அடங்க வேண்டும், அதாவது ஒவ்வொன்றிலும் 42-க்கு மேல் போகக் கூடாது. அவர்களோ ஒவ்வொன்றிலும் 50-க்கு மேல் நிரப்பி வைத்திருந்தார்கள். பாதி, யாரோ எப்போதோ சோதனைக்குப் போட்டு மறந்தவை. வீட்டில் இடமில்லாமல் விருந்தாளியைக் கூப்பிட்ட கதை.

அடுத்தது மின்தடை. யுபிஎஸ் தீரப்போகிறது, மூன்றையும் நிறுத்த வேண்டும் என்றால், ‘மைக்ரேட்’ என்று வைத்த குடித்தனங்கள் எங்கே போகும்? போக இடம் தேடி நிறுத்தத்தைத் தாமதப்படுத்தும். அந்த நாளுக்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

ஒரு சர்வர் விழுந்தால் எச்சரிக்கை அஞ்சல் போகுமாமே, அது யாருக்குப் போகிறது என்று கேட்டேன். பார்த்தான். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போனவருக்கு! மாற்றலாகிப் போன அதிகாரியின் பெயருக்கே தபால் வந்துகொண்டிருந்த அலுவலகங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன்: கணினி அரை மணிக்கு மேல் நின்றால், வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குக் கையால் சீட்டு எழுதி ரத்தம் எடுக்கலாம். அந்தப் பெண் கேட்ட உத்தரவு இதுதானே.

நிர்வாகி படித்துப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டாராம். போன ஞாயிறு மதியம் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறான். சில நிமிடங்களில் ரசீதுக் குடித்தனம் அடுத்த சர்வரில் எழுந்துவிட்டது. அந்த நொடியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தது மட்டும் போகும், திரும்ப அடிக்க வேண்டும். தவறி அழித்த கணக்கையும் இந்த ஏற்பாடு மீட்டுத் தராது, அதற்குத் தினம் தனிப் பிரதி எடுக்க வேண்டும். அதையும் குறிப்பில் சேர்த்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இப்படிப் பிடுங்கிப் பார்ப்பது என்று தேதியும் போட்டிருக்கிறது. பார்க்காத ஏற்பாட்டை நம்பக் கூடாது. தீயணைப்பு வாளியில் மணல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது போலத்தான்.

நண்பர்களே, அடுத்த முறை “சிஸ்டம் டௌன்” என்று சொன்னால் உடனே நாற்காலி தேடாதீர்கள். கவுன்டரில் இருப்பவரைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். மேலதிகாரியிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: “இது நின்றால் என்ன செய்வது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?” பத்துப் பேர் கேட்டால் ஒருவராவது எழுதுவார்.

என் மனைவிக்கு மறுநாளே வேறு இடத்தில் பரிசோதனை முடிந்தது. இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும், அடுத்த தடவை பையில ரெண்டு பிஸ்கட் எடுத்து வச்சுக்குங்க” என்றாள். அவளுடைய நிலையாணை அது. உடனே அமலுக்கு வந்துவிட்டது.