தடுப்புக் காவலின் ஆயுள்

1919-ல் ரௌலட் சட்டம் பிறந்தபோது தேசமே கொதித்தெழுந்தது. விசாரணையின்றிச் சிறை வைப்பதே அதன் சாரம். அந்நியன் போனால் அவ்வாயுதமும் போகுமென ஜனங்கள் நம்பினர். 1948-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைந்து, குன்றாண்டார்கோவில் குடியானவனும் மன்னராட்சி நீங்கினான். ஈராண்டுக்குள், குடியரசு மலர்ந்த மறுமாதமே, தடுப்புக் காவல் சட்டம் வந்தது. ஓராண்டுக்கெனச் சொல்லப்பட்ட அது 1969 முடிய நீடித்தது! 1971-ல் வந்த ‘மிசா’ நெருக்கடி நிலையின்போது சுமார் 35,000 பேரை விழுங்கியது. ஜனதா சர்க்கார் அதை ஒழித்தது. 1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டமாக அது மறுபிறவி எடுத்தது. வழக்கின்றி 12 மாதம் வரை காவல். ஆலோசனைக் குழுவின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமையும் கிடையாது.

தேசத்திற்கு ஆபத்தே இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதிகாரிகளுக்குப் பழகிய சுகம் எளிதில் விடுமா? சாராயம் காய்ச்சுவோருக்கும் குண்டர்களுக்குமென இதே முறையைத் தமிழ்நாடு 1982-ல் சட்டமாக்கிற்று. குற்றத்தை நிரூபிக்கும் சிரமம் போலீசாருக்கு மிச்சம். கிராமத்து ஏழைக்கோ ஓராண்டு ஜீவனம் போயிற்று.

குழுவின் சம்மதமின்றி மூன்று மாதம் அடைத்து வைக்கலாமென்பதை இரண்டாகக் குறைத்து, 1978-ல் பார்லிமெண்டு அரசியலமைப்பின் 44-வது திருத்தத்தை நிறைவேற்றியது. அப்பகுதியை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பை எந்த மத்திய சர்க்காரும் இதுவரை வெளியிடவில்லை.