மவுஸ் பிடித்த கை துப்பாக்கி பிடிக்குமா?

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியதும் பையன் கேட்பது கேம்ஸ். அப்பா கேட்பது, "சுடுற கேமா?" கார் ரேஸ் என்றால் தப்பித்தான். சுடுகிற கேம் என்றால் அன்றைக்கே பாஸ்வேர்டு மாறிவிடும்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு பயமும் இருக்கிறது. வடசென்னை என்றாலே வெட்டுக்குத்து என்று சினிமா எழுதி வைத்துவிட்டது. பொம்மைத் துப்பாக்கி அண்ணா நகர்ப் பையன் கையில் இருந்தால் விளையாட்டு. அதே பொம்மை காசிமேட்டுப் பையன் கையில் இருந்தால், "இப்பவே பாரு!" என்பார்கள். எங்கள் பகுதிப் பெற்றோர் பயப்படுவது துப்பாக்கிக்கு அல்ல, அந்தப் பெயருக்கு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காகப் பையனின் ஆர்வத்தையே தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பது என் கருத்து. துப்பாக்கி மேல் முதலில் வரும் ஆசை பெரும்பாலும் குறி பார்க்கும் ஆசைதான். ஆளை அடிக்கும் ஆசை அல்ல.

இந்த ஆசை எங்கே தொடங்குகிறது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போமா?

தீபாவளிக்கு வாங்கும் ரோல் கேப் துப்பாக்கி எல்லோருக்கும் தெரிந்ததே. அதில் குறி கிடையாது, சத்தம் மட்டும்தான். பேங்க் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் காவலாளியும், துறைமுக கேட்டில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரரும் வேடிக்கை பார்க்க மட்டுமே. வீட்டுப் பெரியவர்களிடம் எம்டன் கதை இருக்கும். 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய் டாங்குகளைக் குண்டு போட்டு எரித்தது. கப்பல் போய்விட்டாலும் பெயர் தமிழில் ஒரு வார்த்தையாகவே நின்றுவிட்டது. திருவொற்றியூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு: புல்லட் மோட்டார் சைக்கிள். 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் தொழிற்சாலை எங்கள் ஊரில்தான் அமைந்தது. வண்டியின் பெயரே குண்டு, சின்னம் பீரங்கி, பழைய விளம்பர வாசகம் 'துப்பாக்கி மாதிரி செய்யப்பட்டது'. இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்ததால் அந்தக் கம்பெனிக்கு வந்த பெயர் அது.

இதெல்லாம் பார்ப்பதோடு சரி. கையில் பிடித்துக் குறி பார்க்க வைப்பது பலூன் கடைதான். மெரினாவிலும் தீவுத்திடல் பொருட்காட்சியிலும் கோயில் திருவிழாக்களிலும் பலகையில் வரிசையாகப் பலூன் கட்டியிருப்பார்கள். குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்து, ஈயக்குண்டைப் போட்டுக் கொடுப்பார் கடைக்காரர். அந்தத் துப்பாக்கியின் சைட் நேராக இருந்து நான் பார்த்ததில்லை. முதல் குண்டு வலது பக்கம் போகும். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்குப் பையன் தானாகவே கொஞ்சம் இடது பக்கம் பிடிப்பான். 'டப்'!

இந்த மூன்றாவது குண்டைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு அவுட்புட் வந்தது, தவறு எவ்வளவு என்று தெரிந்தது, அடுத்த இன்புட்டை மாற்றினான். சாஃப்ட்வேர்க்காரர்கள் இதை ஃபீட்பேக் லூப் என்போம். எட்டு வயதுப் பையன் அதற்குப் பெயர் தெரியாமலே செய்கிறான். அவனுக்குப் பிடித்துப் போவது அந்தத் திருத்தம்.

எங்கள் தலைமுறைக்கு அடுத்து வந்தது டி.வி. கேம். பர்மா பஜாரில் கேசட்டோடு பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்றும் கொடுப்பார்கள். 1984-ல் ஜப்பானில் வெளியான 'டக் ஹன்ட்' கேம்தான் அதில் பிரபலம். டி.வி.யில் பறக்கும் வாத்தைச் சுட வேண்டும். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவுமே வெளியே வராது என்பது பலருக்குத் தெரியாது. ட்ரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு நொடித்துளி முழுக்கக் கறுப்பாகும். அடுத்து வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் முனையில் இருக்கும் சென்சார் முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து விழும். அதாவது டி.வி.தான் துப்பாக்கியை நோக்கிச் சுடுகிறது! பழைய பிக்சர் டியூப் டி.வி. வரிசையாகக் கோடு போட்டுப் படம் வரையும் நேரத்தை நம்பி இது வேலை செய்தது. எல்.சி.டி. டி.வி.யில் படம் சற்றுத் தாமதமாக வருவதால் அந்தத் துப்பாக்கி அங்கே வேலை செய்யாது. பரணில் இருந்து எடுத்துப் பார்த்து ஏமாந்தவர்கள் கேமைக் குறை சொல்ல வேண்டாம்.

பிறகு பிரவுசிங் சென்டர். "அண்ணா, சிஸ்டம் காலியா இருக்கா?" என்று கேட்டு உட்கார்ந்தால் பக்கத்து சிஸ்டம் பையனோடு லேனில் கவுன்டர் ஸ்ட்ரைக். இதில்தான் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. இந்த கேம் ஆடும் பையன்கள் இரண்டு வகை. ஒருவனுக்கு எந்தத் துப்பாக்கி பெரியது, அதன் மேல் என்ன டிசைன், எத்தனை பேரைச் சாய்த்தோம் என்பதே பேச்சு. இன்னொருவன் விண்டோஸ் கன்ட்ரோல் பேனலுக்குப் போய், மவுஸ் செட்டிங்கில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்ற டிக் மார்க்கை எடுத்துவிடுவான். பெயர் துல்லியம் என்று இருந்தாலும் அது செய்வது வேறு. கையை வேகமாக நகர்த்தினால் பாயின்டர் கூடுதல் தூரம் போகும், மெதுவாக நகர்த்தினால் குறைவாகப் போகும். கை ஒரு அங்குலம் நகர்ந்தால் குறி எவ்வளவு நகரும் என்பது நிலையாக இருக்காது. குறி பார்ப்பவனுக்கு இது ஆகாது. பலூன் கடையில் மூன்றாவது குண்டை இடது பக்கம் பிடித்தவன்தான் இந்த டிக்கை எடுக்கிறான்.

உங்கள் பையன் எந்த வகை என்று பாருங்கள். முதல் வகை என்றால் கேம் நேரத்தைக் குறைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டாவது வகை என்றால் அவனிடம் இருப்பதை வம்பு என்று நினைக்காதீர்கள்.

சரி, சுடுகிற கேம் ஆடினால் வன்முறை வருமா? 1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், 'டூம்' கேம்தான் காரணம் என்று பெரிய வாதம் நடந்தது. 2020-ல் அமெரிக்க உளவியல் சங்கம் இது பற்றிய ஆய்வுகளைத் திரும்பப் பார்த்தது. கத்துவது, தள்ளுவது போன்ற சிறு முரட்டுத்தனத்தோடு கொஞ்சம் தொடர்பு தெரிகிறது, ஆனால் வன்முறைச் செயலுக்கு கேம்ஸே காரணம் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. ஜப்பானிலும் கொரியாவிலும் கேம்ஸுக்குப் பஞ்சமில்லை. துப்பாக்கிக் குற்றம்தான் மிகக் குறைவு. கையில் துப்பாக்கி எளிதாகக் கிடைக்கிறதா இல்லையா என்பதுதான் பெரிய வித்தியாசம்.

நம் நாட்டிலோ 2019-ல் குஜராத்தின் ராஜ்கோட்டில் தடையை மீறி பப்ஜி ஆடியதற்காகப் பையன்களைப் போலீஸ் பிடித்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி உட்பட 118 ஆப்களைத் தடை செய்தபோது, "நல்ல வேளை, பையன் பிழைத்தான்" என்று பல வீடுகளில் சந்தோஷப்பட்டார்கள். அரசு சொன்ன காரணம் வன்முறை அல்ல. டேட்டா பாதுகாப்பும் நாட்டின் பாதுகாப்பும்தான். 2021 ஜூலையில் வேறு பெயரில் அதே கேம் வந்துவிட்டது.

கேம் ஒரு விஷயத்தில் நிச்சயம் ஏமாற்றுகிறது. சுடுவது வேகமான வேலை என்று சொல்லித் தருகிறது. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியைப் பாருங்கள். தகுதிச் சுற்றில் 60 குண்டுகள், 75 நிமிடம். சராசரியாக ஒரு குண்டுக்கு ஒன்றேகால் நிமிடம். ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். நடுப்புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். மூச்சை அடக்கி, உடம்பை ஆடாமல் நிறுத்தி, மனசு சரியில்லை என்றால் துப்பாக்கியைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி தூக்க வேண்டும். குண்டின் அளவு 4.5 மி.மீ. பலூன் கடையின் .177 துப்பாக்கியிலும் அதே 4.5 மி.மீ.தான்!

ஸ்கோர் போடுவது கம்ப்யூட்டர். ஒலியை வைத்துக் கணக்கிடும் டார்கெட்டில் மைக்ரோபோன்கள் இருக்கும். குண்டு நுழையும் சத்தம் ஒவ்வொரு மைக்குக்கும் எவ்வளவு முன்பின்னாக வந்தது என்பதை வைத்து அது விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒலி ஒரு மைக்ரோ செகண்டில் சுமார் 0.34 மி.மீ. போகும். ஸ்கோரில் 0.1 பாயின்ட் என்பது 0.25 மி.மீ. அப்படியென்றால் நேரத்தை எவ்வளவு நுணுக்கமாக அளக்க வேண்டும் என்று பாருங்கள். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9.

இதன் ருசியை வீட்டிலேயே பையனுக்குக் காட்டலாம். ஒரு மரக்கட்டையில் சாதாரண லேசர் பாயின்டரைக் கட்டுங்கள். 5 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு புள்ளி. பக்கத்தில் வெப்கேம் வைத்து அந்த இடத்தை வீடியோ எடுங்கள். நின்றுகொண்டு, பத்து செகண்ட் லேசரைப் புள்ளியில் நிறுத்தச் சொல்லுங்கள். கேமில் நூறு பேரைச் சாய்த்தவன் கையும் நடுங்கும். புரோகிராமிங் தெரிந்த அண்ணன், அக்கா வீட்டில் இருந்தால் ஓபன்சிவி என்ற இலவச லைப்ரரியில் சில வரிகள் எழுதி, சிவப்புப் புள்ளி அலைந்த பாதையைத் திரையில் கோடாக வரையலாம். உண்மையான வீரர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தும் கருவியும் இதே தத்துவம்தான். குழலில் பொருத்திய கேமரா, சுடுவதற்கு முன்னும் பின்னும் குறி எங்கே அலைந்தது என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டும். குண்டே தேவையில்லை. (லேசரை யார் கண்ணிலும் காட்டக் கூடாது. கண்ணாடி, பீரோ எதிரில் வேண்டாம்.) ஒரு வாரத்தில் அந்தக் கோடு சுருங்கினால் பையனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்கு மேல் எங்கே போவது? இங்குதான் எனக்குக் கோபம் வருகிறது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது சென்னையில். இரண்டு வயதிலேயே பலூனைச் சுட்டு அப்பாவை ஆச்சரியப்படுத்தினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் வளர்ந்ததும் ரைஃபிள் பிடித்ததும் ஹைதராபாத்தில். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். ரைஃபிள் பிடித்தது குஜராத்தில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் கலந்துகொண்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். மூவர் திறமையிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாதாரண வீட்டுப் பையனுக்கு இதில் வழி எங்கே?

அதே பாரிஸில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே மகாராஷ்டிராவின் கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பையன், அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். 2009-ல் அவர் அப்பா அவரை மாநில அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டத்தில் சேர்த்தார். அங்கே போன பிறகுதான் துப்பாக்கி சுடுதலைத் தேர்ந்தெடுத்தார். ஆசை வந்து துப்பாக்கியைத் தேடியவர் அல்ல. அரசு ரைஃபிளைக் காட்டியது, ஆசை வந்தது.

நம் பக்கம் 2021-ல் நடிகர் அஜித் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கங்கள் வாங்கியபோது நிறையப் பையன்கள் ரைஃபிள் கிளப் எங்கே என்று தேடினார்கள். சென்னை ரைஃபிள் கிளப் எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸ் வளாகத்தில். (அங்கே போக வேண்டிய அஜித்தை டாக்ஸி டிரைவர் வேப்பேரி புது கமிஷனர் ஆபீஸுக்குக் கொண்டுபோய் விட்ட கதை அப்போது செய்தியில் வந்தது.) திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் போய்விடலாம். தூரம் பிரச்னை இல்லை, பணம்தான் பிரச்னை. போட்டித் தரத்தில் ஓர் இறக்குமதி ஏர் ரைஃபிள் ஒரு லட்சத்தைத் தாண்டும். சட்டமும் இதில் தடை இல்லை. 4.5 மி.மீ. அளவில், 20 ஜூலுக்குள் சக்தி உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016-ன் ஆயுத விதிகளில் லைசென்ஸ் கேட்பதில்லை.

எங்கள் பகுதிப் பையன்களுக்கு உண்மையான துப்பாக்கியை முதலில் கையில் கொடுப்பது என்.சி.சி. கேம்ப் மட்டுமே. படுத்துக்கொண்டு .22 ரைஃபிளில் சில ரவுண்டு. சார்ஜென்ட் சொன்னால்தான் ட்ரிக்கர், சொன்னால்தான் எழுந்திருக்க வேண்டும். அந்தச் சில ரவுண்டுகளைப் பல வருஷம் கழித்தும் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கேம்ப் முடிந்தால் கதை முடிந்தது.

மாநகராட்சிப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் லேபில் ஒரு கேமராப் பயிற்சிக் கருவி, குண்டில்லாத ஒரு ரைஃபிள், மாதம் இரண்டு முறை வரும் ஒரு கோச். தொடங்க இவ்வளவு போதும். குண்டு இல்லாததால் ஆபத்தும் இல்லை. 10 மீட்டர் நீளத்தில் இடம் வேண்டும். எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளியின் வராண்டா அதைவிட நீளம். சாயங்காலத்தில் அது சும்மாதான் கிடக்கிறது.